கை காட்டாததைக் கண் காணாது

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நோயைக் கண்டுபிடிப்பது கருவிதான் என்று பலரும் நினைக்கிறோம். 1958இல் கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்டும் அவருடைய குழுவினரும் வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால் படம் பிடித்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அதன்பின் கருவி எவ்வளவோ மாறிவிட்டது. அதைப் பிடிக்கும் கையின் பங்கு மாறவில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஸ்கேன் எடுப்பவர் சோனோகிராபர். அறிக்கை எழுதுபவர் ரேடியாலஜி மருத்துவர். முன்னவர் பதிவு செய்த படங்களைத்தான் பின்னவர் பார்க்கிறார். கை தாண்டிப் போன இடம் மருத்துவர் கண்ணில் படாது.

பித்தப்பையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. கல்லா, சதை வளர்ச்சியா? நல்ல சோனோகிராபர் அந்தப் படத்தோடு நிறுத்திவிட மாட்டார். நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார். கல் என்றால் பெரும்பாலும் உருண்டு இடம் மாறும். அதன் பின்னால் கரிய நிழல் விழும். சுவரில் ஒட்டிய சதை வளர்ச்சி நகராது. அந்த ஒரு நிமிடம் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடலாம்.

தோளும் மணிக்கட்டும் வலிப்பது இத்தொழிலில் சகஜம். வெளியே இன்னும் பலர் காத்திருப்பார்கள். “ஏதாவது பிரச்சினையா?” என்று நோயாளி கேட்பார். “டாக்டர் பார்த்துச் சொல்வார்” என்று கனிவாகச் சொல்லிவிட்டு, இன்னொரு கோணத்திலும் பார்ப்பார் அந்த சோனோகிராபர்.

பிறர் எடுக்கும் முடிவு நம் கவனத்தை நம்பியிருக்கும்போது, ‘இது போதும்’ என்று தோன்றிய பிறகும் ஒருமுறை பார்ப்பதே தொழில் தர்மம்.