யோசேப்பின் எலும்புகள்



இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். துக்கத்திலிருந்த ஒரு தாயாரிடம் நான் வேதத்தைத் தப்பாய்ப் பேசிவிட்டேன். அந்த அம்மா எழுத்து வாசனை அறியாதவர்கள். ஆனாலும் அன்றைக்கு வேதத்தைச் சரியாய்ப் பேசினது அவர்கள்தான்.

நம்ம விஸ்வநத்தத்தில் எந்தத் தாயாரைக் கேட்டாலும் ஒரே விண்ணப்பம்தான்: "ஐயா, எம்புள்ள மருந்து வேலைக்குப் போயிரக் கூடாது." 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆபீஸ் வெடித்ததை நம் பக்கத்தில் யார் மறப்பார்கள்? கரிந்துபோன சரீரங்களில் தன் பிள்ளை எது என்று தேடுகிற கொடுமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. அந்தப் பயத்தினால்தான் இந்த அம்மா, தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த காசோடு கடனும் வாங்கி, மகனைச் சவூதிக்கு அனுப்பினார்கள். "நெருப்பில்லாத இடத்துக்குப் போறான் ஐயா" என்று சபையில் சாட்சியும் சொன்னார்கள். நானும் கைவைத்து ஜெபித்து அனுப்பினேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, 2019-ல் ஒரு விடியற்காலம் போன் வந்தது. ராத்திரி படுத்தவன் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

நாலாம் நாள் அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. அங்கேயே அடக்கம் பண்ணலாமா, ஊருக்கு அனுப்ப வேண்டுமா? எதுவானாலும் குடும்பத்தார் சம்மதம் எழுதி, நோட்டரி முத்திரையோடு அனுப்ப வேண்டுமாம். செலவையும் அலைச்சலையும் நினைத்து நான் புத்தி சொன்னேன்: "அம்மா, சரீரம் மண்ணுதானே. ஆத்துமா கர்த்தரண்டை போயிருச்சு. எக்காளம் தொனிக்கும்போது சவூதி மண்ணிலிருந்தும் எழும்புவான். அங்கேயே வைக்கச் சொல்லிருவோம்."

அந்த அம்மா அழுகையை நிறுத்தினார்கள். "நீங்க சொன்னா சரிதான் ஐயா. ஆனா யோசேப்போட எலும்பை மோசே தூக்கிட்டு வந்தாருன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க? எலும்பும் மண்ணுதானே, அதை ஏன் தூக்கிட்டு வந்தாரு?"

பிரியமானவர்களே, என் வாய் அடைபட்டுப்போயிற்று. அன்று ராத்திரி வேதத்தைத் திறந்தேன். ஆதியாகமம் 50-ஆம் அதிகாரம். யாக்கோபு அந்நிய தேசத்தில் மரிக்கிறான். சரீரம் கெடாதபடி வைத்தியர்கள் 40 நாள் பக்குவம் பண்ணுகிறார்கள். இன்றைக்கு எம்பாமிங் என்கிறார்களே, அதுதான். எகிப்துக்கே அதிபதியான யோசேப்பு, தகப்பனைக் கானானுக்குக் கொண்டுபோகப் பார்வோனிடத்தில் அனுமதி கேட்டு ஆள் அனுப்புகிறான். அவனுக்கே அனுமதி தேவைப்பட்டதென்றால் நம்முடைய ஏழைத் தாயார் எம்மாத்திரம்?

பிறகு யோசேப்பு தன் எலும்புகளுக்காக ஆணையிடுவித்தான். புறப்பட்ட நாளில் ஜனங்கள் பிசைந்த மாவையும் பொன்னையும் வெள்ளியையும் எடுத்தார்கள், மோசே அந்த எலும்புகளை எடுத்தான் (யாத். 13:19). 40 வருஷம் வனாந்தரத்தில் அது அவர்களோடே போயிற்று. யோசுவாவின் புஸ்தகம் முடிகிறபோதுதான் சீகேமில் அடக்கம்பண்ணினார்கள். எபிரெயர் 11-ஐ வாசித்துப் பாருங்கள். யோசேப்பு கண்ட சொப்பனமும் இல்லை, சிறைச்சாலையும் இல்லை, பஞ்சகாலத்துத் தானியமும் இல்லை. அவன் விசுவாசத்துக்கு அங்கே சாட்சியாய் நிற்பது ஜனங்களின் புறப்படுதலைச் சொன்னதும், இந்த எலும்புகளைக் குறித்த கட்டளையும்தான். அதை நான் "மண்ணுதானே" என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பேப்பர் வேலை ஆரம்பமாயிற்று. அங்கத்திய மரணச் சான்று, போலீஸ் அனுமதி, எம்பாமிங் சான்று, பாஸ்போர்ட்டை ரத்து செய்து நம்முடைய தூதரகம் கொடுக்கிற தடையில்லாச் சான்று. இதில் ஒன்று குறைந்தாலும் பெட்டி விமானம் ஏறாது. அவன் வேலை பார்த்த இடத்தில் கணக்கு முடிக்க இழுத்தடித்தார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் மனுப் போட்டோம். வசதியற்றவர்களுக்கு உதவ இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் ஒரு நல நிதி இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் ஊழியம் செய்து என்ன!

இருபத்துமூன்றாம் நாள் திருவனந்தபுரத்தில், பயணிகள் வருகிற வாசலில் அல்ல, சரக்குப் பிரிவில் அவனைப் பெற்றுக்கொண்டோம். ரசீதில் பெட்டியின் எடையைக் கிலோவில் எழுதியிருந்தது. செங்கோட்டை வழியாய் வரும்போது ஆம்புலன்சில் ஒருவரும் பேசவில்லை.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. திறந்தார்கள். மகனுடைய நெற்றியைத் தடவினார்கள், கன்னத்தைத் தடவினார்கள். அப்புறம் சொன்னார்கள்: "முகம் முழுசா இருக்கே. ஸ்தோத்திரம் ஆண்டவரே." வெளியூர்க்காரருக்கு அந்த ஸ்தோத்திரம் விளங்காது. நமக்கு விளங்கும்.

2024 ஜூன் 12-ல் குவைத் மங்காப்பில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்ததே, அப்போது அந்த அம்மாதான் என் நினைவுக்கு வந்தார்கள். ஜூன் 14-ல் விமானப்படை விமானம் 45 இந்தியரின் சரீரங்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதில் 7 பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். நெருப்புக்குத் தப்பப் போன தேசத்திலும் நெருப்பு இருக்கிறது.

சரீரம் வராமலே போன வீடுகளும் நமக்குத் தெரியும். 2020-ல் கொரோனாவில் மரித்தவர்களை அங்கேயே அடக்கம்பண்ணினார்கள். இங்கே போட்டோவை வைத்து ஜெபித்தோம். அந்தத் தாய்மாருக்கு உபாகமம் 34-ஐ வாசித்துக் காட்டுங்கள். யோசேப்பின் எலும்புகளை அத்தனை வருஷம் சுமந்த மோசேக்குக் கானானில் கல்லறை இல்லை. அவனைக் கர்த்தரே அடக்கம்பண்ணினார். இடம் ஒருவருக்கும் தெரியாது. "மண்ணுதானே" என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதிருங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற குடும்பத்தார் அவர்களுடைய பாஸ்போர்ட், விசா நகலையும், வேலை பார்க்கிற இடத்தின் முகவரியையும், கூடத் தங்கியிருக்கிறவரின் போன் நம்பரையும் கொண்டுவந்து பதிந்து வையுங்கள். அந்த அம்மாவும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வேண்டியதை அவர்களிடம் கேளுங்கள். ஆமென்.