நாளைய மனிதனை இன்று எடைபோடலாமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நம் பெரியோர் சொல்லிச் சென்றனர். இப்பழமொழி ஒலிக்காத வீடு இல்லை. அதைக் கேளாது வளர்ந்த பிள்ளையும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கவும் இதுவே பயன்படுகிறது. மந்தமான பிள்ளையைக் குட்டி உட்கார வைக்கவும் இதுவே பயன்படுகிறது. ஆயினும் வயலில் நின்று பழகிய உழவனைக் கேட்டால் அவன் சற்றே தயங்குவான். செழித்த முளை பதராய்ப் போனதையும் அவன் கண்டிருக்கிறான். வாடிய நாற்று ஒரு மழைக்குப் பின் தழைத்து நின்றதையும் கண்டிருக்கிறான். முளையிலே நமக்குத் தெரிவது பயிர்தானா, அல்லது பயிரைப் பற்றிய நம் ஆசையும் அச்சமுமா?

இவ்வினாவை ஆராய, நமக்குப் பழக்கமில்லாத ஓரிடத்திற்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். குளிர் நாடுகளில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கி என்னும் ஆட்டக்களம் அது. நமக்கும் பனிக்கட்டிக்கும் என்ன உறவு என்று எவரும் எண்ண வேண்டா. பிள்ளைகளைப் பற்றி நம் வீடுகளில் வழங்கப்படும் தீர்ப்புகள் காற்றோடு போய்விடுகின்றன. அங்கோ அவை ஏட்டில் ஏறிவிடுகின்றன. பதினெட்டு வயது இளைஞனைப் பற்றி அன்று என்ன சொன்னார்கள், இருபது ஆண்டுகள் கழித்து அவன் என்ன ஆனான் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க இயலும். மனித மதிப்பீட்டையே மதிப்பிட இதைவிடச் சிறந்த இடம் அரிது.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தில், காலணியின் அடியிலே எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு, பக்கத்திற்கு அறுவர் ஆடுவர். மூன்று அங்குல விட்டமுடைய ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் தள்ளி எதிரியின் வலைக்குள் செலுத்த வேண்டும். அறுவரில் ஒருவர் வலை காப்பவர். மூவர் முன்னே தாக்குபவர். எஞ்சிய இருவர் தற்காப்பு ஆட்டக்காரர். இவ்விருவரின் வேலைதான் கடினமானது. எதிரி முன்னோக்கிப் பாய்ந்து வரும்போது, இவர்கள் அவனை நோக்கியவாறே பின்னோக்கிச் சறுக்கிச் செல்ல வேண்டும். மிக நெருங்கினால் அவன் சுற்றிப் போய்விடுவான். மிக விலகினால் வட்டை அடித்துவிடுவான். வட்டைக் கைப்பற்றிய பின் யாருக்கு அனுப்புவது என்பதை இமைப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும்.

தாக்குபவன் பிழை செய்தால் ஒரு வாய்ப்பு போகும். காப்பவன் பிழை செய்தால் பெரும்பாலும் கோல் விழும். தாக்குபவன் போட்ட கோல்களை எண்ணலாம். காப்பவன் விழாமல் தடுத்த கோல்களை எவ்வாறு எண்ணுவது? நடந்ததைக் காணக் கண் போதும். நடவாது தடுக்கப்பட்டதைக் காண அறிவு வேண்டும். இக்காரணங்களால்தான் தற்காப்பு ஆட்டக்காரன் தாமதமாகவே பக்குவம் அடைகிறான். அவனை இளமையிலேயே மதிப்பிடுவதும் மிகக் கடினம் என்பர்.

ஆயினும் மதிப்பிட்டே ஆகவேண்டும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் 1963 முதல் ஆண்டுதோறும் இளைஞர் தேர்வு நடைபெறுகிறது. இன்று 32 கழகங்கள், ஏழு சுற்றுகள். ஒவ்வொரு கழகமும் முறைவைத்து ஓர் இளைஞனின் பெயரைச் சொல்லும். இவர்களைத் தேடிக் கண்டறிவதற்கென்றே வாழ்நாளெல்லாம் பனித்தளங்களைச் சுற்றிவரும் வல்லுநர்கள் உள்ளனர். 1975 முதல் லீகே தனியொரு அலுவலகம் வைத்து இளைஞர்களைத் தரவரிசைப்படுத்தி வருகிறது. இத்தனை கண்கள் சேர்ந்து பார்த்தும் கிடைத்த முடிவுகளைக் காண்போம்.

1989இல் நிக்லஸ் லிட்ஸ்ட்ராம் என்னும் சுவீடன் நாட்டு இளைஞரை டெட்ராய்ட் கழகம் தேர்ந்தெடுத்தது. அவருக்கு முன்னர் 52 பெயர்கள் சொல்லப்பட்டுவிட்டன. அவர்களுள் இருவர் டெட்ராய்ட் கழகமே அவருக்கு முன்பாக விரும்பி எடுத்தவர்கள். அந்த 53ஆவது இளைஞர் பின்னர், சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்குரிய நாரிஸ் பரிசை ஏழு முறை பெற்றார்; ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் நான்கு முறை இருந்தார். அவரைக் கைவிட்ட கழகங்கள் அறியாமல் இருந்தன என்றால், எடுத்த கழகமும் முழுதாக அறிந்திருந்தது என்று சொல்வதற்கில்லை.

1996இல் முதலாவதாகத் தேர்வானவர் கிறிஸ் பிலிப்ஸ், தற்காப்பு ஆட்டக்காரர். அதே ஆண்டில் 56ஆவதாக வந்தவர் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ சாரா. அவரும் தற்காப்பு ஆட்டக்காரரே. சாராவின் உயரம் 6 அடி 9 அங்குலம். இத்தனை உயரத்திற்கு இந்த ஆட்டம் ஒத்துவராது, கூடைப்பந்துக்குப் போ என்று இளமையில் அவரிடம் சொன்னவர்கள் உண்டு. எந்த உயரம் குறையெனப்பட்டதோ, அதே உயரமும் நீண்ட கையும் பிற்காலத்தில் எதிரிகள் தாண்ட இயலாத வேலியாயின. 2009இல் நாரிஸ் பரிசு. 2011இல் பாஸ்டன் அணியின் தலைவராக ஸ்டான்லி கோப்பை. 2022இல் ஓய்வு பெற்றபோது 1680 ஆட்டங்கள். தற்காப்பு ஆட்டக்காரர் எவரும் லீகில் அதற்குமுன் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. பிலிப்ஸைத் தேர்ந்தெடுத்ததும் பிழையன்று. ஒட்டாவா கழகத்துக்கு 1179 ஆட்டங்கள் உழைத்த நல்ல ஆட்டக்காரர் அவர். 2001இல் சாரா ஒட்டாவாவுக்கு மாற்றப்பட்டபின், முதலாமவரும் 56ஆமவரும் ஒரே அணியில் நின்று ஒரே வலையைக் காத்தனர். பனித்தளத்தின் மேல் அந்த எண்கள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கனடாவின் மார்க் ஜியார்டானோவையோ எந்தக் கழகமும் எந்தச் சுற்றிலும் தேர்ந்தெடுக்கவில்லை. ஓராண்டு மாஸ்கோ சென்றும் ஆடித் திரும்பிய அவர், 2019இல் தம் 35ஆவது வயதில் நாரிஸ் பரிசு பெற்றார்.

இனி மறுபக்கம். 1982இல் முதலாவதாக எடுக்கப்பட்டவர் கோர்ட் குளுசாக். அவரைத் தேர்ந்த கண்கள் அவரிடம் திறமை கண்டது மெய்யே. ஆனால் முழங்கால் காயங்கள் அவரை வாட்டின. இரு பருவங்கள் முழுமையாக ஆட இயலாது போயின. 299 ஆட்டங்களோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அதே ஆண்டில் ஐந்தாவதாக வந்த ஸ்காட் ஸ்டீவன்ஸ் 1635 ஆட்டங்கள் ஆடினார். குளுசாக் விஷயத்தில் மதிப்பிட்டவரும் தவறவில்லை, மதிப்பிடப்பட்டவரும் தவறவில்லை. எதிர்காலம் என்பது இளைஞனின் திறமைக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று என்பதே அங்கே தெளிவாயிற்று. மீண்டும் மீண்டும் எழுந்துவந்து ஆடிய விடாமுயற்சிக்காக 1990இல் அவருக்கு மாஸ்டர்டன் பரிசு வழங்கப்பட்டது. பதினெட்டு வயதில் அவரிடம் எவரும் அளந்து பார்த்திராத ஒரு குணத்துக்குக் கிடைத்த பரிசு அது.

அரபுத் தத்துவ நூல்களில் 'குவ்வத்' என்றும் 'ஃபிஃல்' என்றும் இரு சொற்கள் வழங்கும். முன்னது உள்ளே அடங்கிய ஆற்றல். பின்னது வெளிப்பட்ட செயல். 1037இல் மறைந்த இப்னு ஸீனா, இந்த ஆற்றலையே மூன்று படிகளாகப் பிரித்து, எழுத்துக்கலையை உதாரணம் காட்டி விளக்கினார். கைக்குழந்தைக்கும் எழுதும் ஆற்றல் உண்டு. ஆனால் அது வெறும் தகுதி. மைக்கூட்டையும் எழுதுகோலையும் தனி எழுத்துகளையும் அறிந்த சிறுவனுக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஆனால் அது கருவிகள் கைவந்த நிலை. கலையில் தேர்ந்துவிட்ட எழுத்தன், எழுதாமல் சும்மா இருக்கும்போதும் அவனிடம் ஆற்றல் உண்டு. அதுவே நிறைவடைந்த ஆற்றல்.

"இவ்விளைஞனிடம் ஆற்றல் இருக்கிறது" என்று சொல்வோர் எந்தப் படியைச் சொல்கிறார்கள்? பதினெட்டு வயதுத் தற்காப்பு ஆட்டக்காரன் இரண்டாம் படியில் நிற்கிறான். பின்னோக்கிச் சறுக்க அறிவான். வட்டை அனுப்ப அறிவான். அவனுக்கு எழுத்துகள் தெரியும். அவன் எழுதப்போகும் வாசகம் எது என்பதை அவனும் அறியான். இரண்டாம் படியில் நிற்பவனை மூன்றாம் படியில் நிற்பவனாக எண்ணிப் புகழ்வது ஒரு பிழை. முதற்படியைக் கூடத் தாண்டாதவனாக எண்ணித் தள்ளுவது மற்றொரு பிழை.

புறத்தோற்றம் கொண்டு உள்ளியல்பு அறியும் கலையை அரபியர் 'ஃபிராஸத்' என்றனர். குதிரையைக் குறிக்கும் 'ஃபரஸ்' என்ற சொல்லும் அதே மூல எழுத்துகளைக் கொண்டதுதான். குதிரையின் பல்லையும் குளம்பையும் பார்த்து விலை சொல்வது எளிது. ஆனால் மனிதக் கண், தான் எதைப் பார்க்கிறது என்பதைத் தானே அறியாமல் ஏமாறுகிறது. கனடாவில் சிறுவர்களை அவர்கள் பிறந்த ஆண்டுவாரியாக அணி பிரிப்பார்கள். அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குப் போட்டியிடுவர். முன்னவன் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். உயர்நிலை ஆட்டக்காரர்களிடையே ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் கனடிய உளவியலாளர் 1980களில் எடுத்துக்காட்டினார். பத்து வயதில் சில மாத வளர்ச்சியைத் திறமை என்று கண்கள் எண்ணிவிட்டன! 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு மற்றொன்றையும் கூறியது: ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள், தேர்வில் தமக்குக் கிடைத்த இடத்தை நோக்கச் சிறப்பாகவே ஆடினர். அதாவது, அவர்களுடைய விலையைக் குறைத்தே எழுதியிருந்தனர்.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. நட்சத்திரத்தை அளப்பவன் தவறாக அளந்தால் நட்சத்திரம் மாறிவிடாது. பிள்ளையை அளப்பவன் தவறாக அளந்தால் பிள்ளை மாறிவிடுகிறான். பெரியவன் என்று எண்ணப்பட்ட சிறுவனுக்கு நல்ல பயிற்றுநர் கிடைக்கிறார். அதிக நேரம் தளத்தில் ஆடக் கிடைக்கிறது. பிழை செய்தாலும் மறுநாள் இடம் கிடைக்கிறது. சிறியவன் எனப்பட்டவன் ஒரு பிழையோடு வெளியேறுகிறான். பிறகு, "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி" என்கிறோம். நம் சொல்லே நீரையும் எருவையும் பங்கிட்டது என்பதை மறந்துவிடுகிறோம்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. பல்லாண்டுகள் மாணவர்க்கு அரபும் தமிழும் கற்பித்தவன் நான். நெடுநாட்களுக்கு முன் ஒரு மாணவனின் தந்தை என்னிடம் வந்து, "ஹஜ்ரத், பிள்ளை ஓதலில் எப்படி?" என்று கேட்டார். "இவனுக்கு நஹ்வு ஏறாது" என்று சொல்லிவிட்டேன். "ஹஜ்ரத் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அவர் மகனை அழைத்துக்கொண்டு போய் ஒரு கடையில் சேர்த்துவிட்டார். அவன் இன்று நலமாகவே இருக்கிறான். என்னைக் கண்டால் அன்போடு ஸலாம் சொல்கிறான். ஆயினும் அவனைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு சுருங்குகிறது. என் தீர்ப்பு தவறு என்று நிரூபணம் ஆனதனாலன்று. அது சரியா தவறா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. அத்தீர்ப்பே சோதனையை நிறுத்திவிட்டது. சாராவுக்கு வேறு வாசல்கள் இருந்தன. அம்மாணவனுக்கு அன்று என் வாசல் ஒன்றுதான் இருந்தது.

அவ்வாறாயின் மதிப்பிடவே கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்று சொல்ல இயலாது. அணியில் இடம் குறைவு, ஆள் அதிகம். தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வே. அப்போது செல்வாக்கும் உறவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் வினைக்கு ஏற்றவனைத் தெரிந்துகொள்வது வேறு. இனி ஆகப்போகிறவனை இன்றே முடிவு செய்வது வேறு.

எனவே மதிப்பிடுவோர்க்கு மூன்று கடமைகள் உண்டு எனக் கருதுகிறேன். முதலாவது, கண்டதையும் கருதியதையும் கலவாதிருத்தல். "பின்னோக்கிச் சறுக்கும்போது இடப்பக்கம் திரும்புவதில் தாமதிக்கிறான்" என்பது சாட்சியம். "இவன் தேறமாட்டான்" என்பது யூகம். யூகத்துக்குச் சாட்சியத்தின் ஆடையை அணிவித்தல் பொய்ச்சாட்சிக்கு நெருங்கிய செயல். இரண்டாவது, தீர்ப்புக்குத் தேதி இடுதல். இன்றைய நாளில் இவன் இத்தகையவன் என்று எழுதி, மறு ஆண்டு மீண்டும் பார்க்கக் கடமைப்படுதல். மூன்றாவது, தேர்ந்தெடுக்காத பிள்ளைக்கும் திரும்பிவர ஒரு வழி வைத்தல். ஜியார்டானோவைத் தேர்வில் எவரும் எடுக்கவில்லை; ஆயினும் தேர்வுக்கு வெளியே இருந்து சேர்த்துக்கொள்ளும் வழியொன்று லீகில் இருந்தது. அவ்வழியே கல்கரி கழகம் 2004இல் அவரைச் சேர்த்துக்கொண்டது; பின்னர் அந்த அணிக்கே அவர் தலைவரானார்.

நம் வீட்டிலும் ஒரு பிள்ளை இருப்பான். அண்ணனைப் போல் இல்லை, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போல் இல்லை என்று சொல்லப்படுபவன். அவனைப் பொய்யாகப் புகழ வேண்டியதில்லை. இன்று அவனிடம் காணும் குறையை அன்போடும் துல்லியத்தோடும் சொல்லலாம். ஆனால் நாளையைப் பற்றிச் சொல்ல வாய் திறக்கும்போது மட்டும், நெடுநாட்களுக்கு முன் நான் சொல்லத் தவறிய ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். "இவனுக்கு இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள். அந்த 'இன்னும்' என்ற ஒரு சொல்லில் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் தங்கி நிற்கலாம்.