மன்னிக்க மனம் வராதபோது

சிலுவைப்பாதையின் பதினோராம் ஸ்தலத்தில், சேசுநாதரைச் சிலுவையில் அறைந்ததைத் தியானித்து முழந்தாளிடுகிறோம். அந்நேரம் சிலரின் உள்ளத்தில் வேறொரு முகம் வந்து நிற்கும். வரப்புக்காக வழக்காடிய தம்பி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தராத மைத்துனர், அவதூறு பேசிய அயல்வீட்டார்! "இவரை எப்படி மன்னிப்பேன்? நெஞ்சு கொதிக்கிறதே" என்கிறோம். பரலோக மந்திரத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வரும்போது சற்று வேகமாகவே கடந்துபோகிறோம்.

கிறிஸ்தவ குடும்பங்களே, ஆண்டவர் சிலுவையில் செய்ததைக் கூர்ந்து கவனியுங்கள். அவர் கொலைஞரை நோக்கிப் பேசவில்லை. அவர்களுக்காகத் தம் பிதாவை நோக்கி மன்றாடினார். அவர்கள் மன்னிப்புக் கேட்கவுமில்லை. சிலுவையின் அடியில் அவருடைய வஸ்திரங்களுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேதனை தணிந்த பிறகல்ல, வேதனையின் நடுவிலேயே அந்த ஜெபம் எழுந்தது. ஆகவே, நெஞ்சு ஆறிய பிறகுதான் மன்னிக்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. காயம் வலிப்பது பாவமல்ல. பகைவனுக்காக ஜெபிக்க மனம் துணிவதே மன்னிப்பின் தொடக்கம்.

இத்தாலி தேசத்துச் சிறுமி அர்ச். மரிய கொரெற்றியை நினைத்துப் பாருங்கள். 1902-ம் ஆண்டு ஜூலை மாதம், பாவத்துக்கு இணங்க மறுத்ததால், அலெஸ்ஸாந்திரோ என்னும் வாலிபன் அவளைப் பதினான்கு முறை குத்தினான். மறுநாள் மரிக்குமுன், அவனை மன்னித்ததோடு, அவனும் தன்னோடு மோட்சத்தில் இருக்கவேண்டும் என்று விரும்பினாள். அவளுக்கு வயது பதினொன்று.

"அப்படியானால் நீதி எங்கே?" என்று கேட்பீர்கள். மன்னிப்பு நீதியை அழிப்பதில்லை. அலெஸ்ஸாந்திரோ 27 ஆண்டுகள் சிறையில் இருந்தான். விடுதலையான பின்பு, மரியாவின் தாய் அசுந்தாவிடம் சென்று மன்னிப்புக் கேட்டான். மகளே மன்னித்திருக்க, தாய் மறுக்கவில்லை. இருவரும் ஒரே பூசையில் அருகருகே திவ்விய நற்கருணை வாங்கினார்கள். 1950-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி, பன்னிரண்டாம் பத்திநாதர் மரியாவுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தபோது, அந்தத் தாயும் உரோமையில் இருந்தாள். அவளுக்கு வலிக்காமலா இருந்திருக்கும்? வலியோடுதான் மன்னித்தாள்.

நியாயமாக வரவேண்டியதைக் கேட்பதும், இனித் தீங்கு வராமல் காத்துக்கொள்வதும் குற்றமல்ல. அவன் கெட்டுப்போக வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் ஆகாது.

இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் ஒன்று செய்வோம். நம்மை நோகச் செய்தவரின் பெயரை மனதுக்குள் சொல்லி, அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் வேண்டிக்கொள்வோம். முதல் நாள் அது உதட்டளவில்தான் வரும், பரவாயில்லை. நாளையும் சொல்வோம். நம்மால் இன்னும் மன்னிக்க முடியாதவரை, மன்னிக்கத் தெரிந்த பிதாவின் கையில் ஒப்படைப்போம். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர் காட்டிய வழி அதுவே.