இன்னும் ஒரு ரெண்டு வருஷம்

போன பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்தின் முன்னால் ஒரு தம்பி சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். குருக்கள் அதன் மேலேயே விபூதியை வைத்துக் கொடுத்தார். 14 கிலோமீட்டர் சுற்றில் எட்டு லிங்கங்கள் இருந்தாலும் நெரிசல் இங்கேதான். எம லிங்கத்தில் யாரும் இவ்வளவு நேரம் நிற்பதில்லை. 2007-ல் சவுதியின் தம்மாமுக்குக் கிளம்பும்போது நானும் இங்கேதான் நின்றேன். "ரெண்டு வருஷம், கடனை அடைச்சிட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வந்தது 2019-ல்.

"ஏஜென்டுக்கு எவ்வளவு கட்டினே?" என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன்.

"ஒன்னேகால் லட்சம்ணா."

ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது கொடுத்தாரா என்றால் சிரிக்கிறான். நானும் அப்படிச் சிரித்தவன்தான். முதல் ஒரு வருஷச் சம்பளம் வட்டிக்காரருக்கே போயிற்று. பத்தாவது தேறாதவன் சவுதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குக் கிளம்பினால் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதோடு ஒரு காப்பீடும் கட்டாயம்: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்தில் செத்தால் வீட்டுக்கு 10 லட்சம். உயிரோடு இருக்கும் வரை நம் கணக்கில் அவ்வளவு பணத்தை யார் பார்த்தார்கள்! 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து, 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அதில் ஏழு பேர் நம் மாநிலத்தவர். அடுக்குக் கட்டிலில் பன்னிரண்டு வருஷம் படுத்த என்னால் அந்தச் செய்தியை முழுதாகப் படிக்க முடியவில்லை.

அப்படியானால் போகாமலே இருந்திருக்கலாமா? அதுவும் இல்லை. என் அப்பா அடுத்தவர் மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்கு நின்றவர். தோளில் கிடக்கும் துண்டு, கொல்லைக்காரரைக் கண்டால் இடுப்புக்கு இறங்கும். நான் அனுப்பிய ரியாலில் தங்கச்சி கல்யாணமும் ஒழுகாத கூரையும் வந்தன. துண்டும் தோளிலேயே தங்கிவிட்டது. 'பணம்தான் எல்லாமா' என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் பணமில்லாத வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. நாம் இல்லாததற்கு வீடு பழகிவிடும். பழகாவிட்டால் அவர்களால் எப்படி நாளைத் தள்ள முடியும்?

கார்த்திகை தீபத்தன்று மலையில் ஆறு மணிக்கு ஜோதி தெரிந்த பிறகுதான் இங்கே வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அப்போது தம்மாமில் மூன்றரை. நான் சாரத்தின் மேல் நிற்பேன். என் பெண் மொட்டைமாடியிலிருந்து இமோவில் கூப்பிட்டுப் போனை மலைப்பக்கம் நீட்டுவாள். படம் திட்டுத்திட்டாக உறைந்துவிடும். ஊரே போடும் அரோகரா மட்டும் காதில் விழும்.

திரும்பி வந்த வருஷம் நானும் மாடிக்குப் போனேன். ஜோதி எரிந்தது. அவள் போனை எடுத்து மலைப்பக்கம் நீட்டி, இமோவில் என் பெயரை அழுத்தினாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் அம்மா அகல்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.