விலை கொடுத்த விருந்து

1999ஆம் ஆண்டின் கடைசி நாளன்று நியூயார்க்கின் எல்ட்ரிட்ஜ் தெருவில் சாஷா பெட்ராஸ்கி என்பவர் 'மில்க் அண்ட் ஹனி' என்ற சிறிய மதுக்கூடத்தைத் திறந்தார். பழச்சாற்றை அவ்வப்போது பிழிந்தார்கள். மதுவை அளந்தே ஊற்றினார்கள். வருபவர்களுக்கும் விதிகள் இருந்தன. கூச்சலிடக் கூடாது. பிரபலங்களின் பெயரைச் சொல்லிப் பெருமையடிக்கக் கூடாது. ஆண்கள், அறிமுகமில்லாத பெண்களிடம் தாமாகச் சென்று பேசக் கூடாது. பெட்ராஸ்கி 2015இல் மறைந்துவிட்டார். அவர் பழக்கிய முறை பல ஊர்களின் தெருமுனைக் கூடங்களில் தொடர்கிறது.

ஜெர்சி சிட்டியில் என் வீட்டருகே இருக்கும் கூடமும் அந்த வழியில் வந்ததுதான். ஆர்ப்பாட்டம் இல்லாத இடம். காக்டெயில் கலக்குபவருக்கு என் பெயர் தெரியும்; எனக்கு இனிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். இதை விருந்தோம்பல் என்று சொல்லலாமா?

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். முன்பின் தெரியாமல் வாசலுக்கு வருபவரே விருந்தினர். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் எழுதினார்; இரண்டும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். அதோடு, இங்கே கடைசியில் பில் வருகிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர்; 1991 முதல் அது மாறவில்லை. சில மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கின்றன. ஆனாலும் டிப்ஸை நம்பிப் பிழைப்பவரின் புன்னகை நமக்கானதா, நம் பர்ஸுக்கானதா?

சம்பளம் வாங்குகிறார் என்பதால் ஒரு செவிலியரின் பரிவைப் பொய் என்று நாம் சொல்வதில்லை. கூலி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர் எப்படி நிற்கிறார் என்பது அவர் கையில். உண்மையான சோதனை, வியாபாரத்துக்கு எதிராகப் பரிவு காட்ட வேண்டிய நேரத்தில் வருகிறது. நான்காவது கோப்பை கேட்பவரின் முன்னால் தண்ணீரை வைத்து, டாக்சி அழைத்துக் கொடுக்கும் நேரம் அது. போதையில் இருப்பவருக்கு ஊற்றிக் கொடுத்து விபத்து நேர்ந்தால் கடையும் பொறுப்பு என்ற சட்டம் பல மாநிலங்களில் உண்டு. மறுக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தலாம். அவமானப்படுத்தாமல் மறுக்கும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த உபரிதான் விருந்தோம்பல். பில்லில் அதற்கு வரி கிடையாது.

குடியால் சிதைந்த வீடுகளை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 15 டாலர் கொடுத்து அளவோடு குடிப்பது வசதியுள்ளவர்களின் அறம் என்பார்கள். கல்லீரலுக்குக் கோப்பையின் விலை தெரியாது என்பதும் சரிதான். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கிடம் இருக்கிறது. அங்கே கம்பித் தடுப்புக்குள் கையை நீட்டி குவார்ட்டர் வாங்குபவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? "போதும், வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல ஓர் ஆள், அவருக்கல்லவா முதலில் வேண்டும்? பணம் உள்ளவருக்கு மரியாதை கிடைப்பது குற்றமல்ல. மரியாதைக்கும் விலைச்சீட்டு ஒட்டியிருப்பதுதான் குற்றம்.

பெயரைச் சரியாக உச்சரிக்க ஆளில்லாத ஊரில் வாழத் தொடங்கியவர்கள் நாம். நம்மை முகம் பார்த்து வரவேற்றவர்களில் பலர் கூலிக்கு நின்றவர்களே. அந்த வரவேற்பு உண்மையென்றால் விருந்தினருக்கும் கடமை உண்டு. டிப்ஸைத் தானமாக எண்ணாமல் ஊதியமாகக் கொடுக்க வேண்டும். அவருடைய பெயரையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.