ஒளியின் விலை

இரண்டு அயலார் தமக்குப் பொதுவான புல்வெளியில் தேங்கிய நீரை வடிக்க எளிதில் இசைவார்கள் என்றும், ஆயிரம் பேர் அவ்வாறு இசைவது அரிதினும் அரிது என்றும், ஏனெனில் ஒவ்வொருவனும் சிரமத்தையும் செலவையும் பிறர் தலையில் கட்டிவிட்டுத் தான் தப்பிக்கவே சமயம் பார்ப்பான் என்றும் டேவிட் ஹியூம் 1740-இல் எழுதினார். பொதுப்பண்டம் என்று பொருளாதார சாஸ்திரம் பிற்காலத்தில் பெயரிட்ட கருத்துக்கு வித்து அங்கே கிடக்கிறது.

அந்தச் சாஸ்திரம் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் உதாரணம் கலங்கரை விளக்கம். நள்ளிரவில் பாறைகளுக்கிடையே வழி தேடும் மாலுமி, கட்டணம் செலுத்தியவனாயினும் செலுத்தாதவனாயினும், அதே ஒளியைக் கண்டு சுக்கானைத் திருப்பிக்கொள்கிறான். நடுக்கடலில் அவனிடம் கூலி கேட்பார் யார்? அரசு கட்டாயமாகத் தண்டும் வரி துணைநின்றாலன்றி எவரும் சொந்த லாபங்கருதி அதனைக் கட்டமாட்டார் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-இல் முடிவுகட்டினார். ஸ்வீடன் தேசத்து எரிக் லிண்டால், அவரவர் அடையும் பயனுக்கேற்பப் பங்கு செலுத்தலாம் என்று 1919-இல் வழி கூறினார். ஆனால் அப்பயனை அவரவரே மெய்யாகச் சொல்ல வேண்டுமே!

1954-இல் பால் சாமுவேல்சன் எழுதியது மூன்றே பக்கக் கட்டுரை. ஒருவர் நுகர்வதால் மற்றவர் பங்கு குறையாத பண்டம் என்று இலக்கணம் வகுத்து, தன் விருப்பத்தைக் குறைத்துச் சொல்வதே ஒவ்வொருவருக்கும் ஆதாயமாய் முடிவதையும் அதில் காட்டினார். பின்னாளில் தம் பாடநூலில் இன்னும் ஒரு படி சென்று, கட்டணம் வசூலிக்க இயன்றாலுங்கூட அது உசிதமன்று என்றார். மேலும் ஒரு கப்பல் அவ்வொளியைக் காண்பதால் விளக்குக்கு ஒரு துளி எண்ணெயும் அதிகம் செலவாவதில்லை. கட்டணத்துக்கு அஞ்சி ஒரு கப்பல் விலகிப்போனாலோ அதற்கு நஷ்டமுண்டு, எவருக்கும் லாபமில்லை. கணித பாஷையிலிருந்து பிறந்ததாயினும் இதை நான் தர்ம சாஸ்திரத்தின் வாக்கியமென்றே கொள்கிறேன். கொடுப்பதால் குறையாததை மறுப்பவனுக்கு, தன் உடைமையைக் காத்துக்கொள்கிறேன் என்ற சமாதானங்கூடக் கிடையாது.

ரொனால்ட் கோஸ் 1974-இல் பழைய ஆவணங்களைத் துருவினார். 1820-இல் இங்கிலாந்தில் டிரினிட்டி ஹவுஸ் என்ற சங்கம் 24 விளக்கங்களை நடத்த, தனியார் 22 நடத்தினர். கட்டணம் துறைமுகங்களில் வசூலாயிற்று. செலுத்துவோரே விளக்கத்தைக் கண்காணிப்பர் என்ற அவர் வாதத்தில் நியாயமுண்டு. ஆயினும் அவ்வசூலுரிமை மன்னர் அளித்த சாசனத்தால் வந்தது. வசூலிக்க முடியும் என்பதை நிரூபித்த அந்த ஆவணங்கள், வசூலிக்கத் தகுமா என்பதற்கு விடை தருவனவல்ல. கட்டணச் சுமை பொறாமல் கப்பல்காரர்கள் நெடுநாள் முறையிட்டதன் மேல், எஞ்சிய தனியார் விளக்கங்கள் யாவற்றையும் டிரினிட்டி ஹவுஸ் விலைக்கு வாங்கிக்கொள்ள 1836-இல் பார்லிமெண்ட் சட்டமியற்றியது.