அடகா, அமானிதமா?

விசாவுக்கு மனுச் செய்கிற காலம் வந்துவிட்டால் நம் வர்த்தகர்களின் வாயில் ஓயாமல் புரளும் சொல் 'அசல்' என்பதாகும். வியாபாரத்தில் அசல் என்றால் முதல்; வட்டி போனாலும் அசல் போகலாகாது என்போம். தஸ்தாவேஜு விஷயத்திலும் அதே எச்சரிக்கைதான். ஊரிலிருந்து கடைக்கு ஆள் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பார், பிறப்புச் சான்றைப் பார், பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டைப் பார் என்று இராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் டெலிபோன் பண்ணுகிறோம். பையன் பத்தாவது தேறியவனா என்று நாம் விசாரிப்பது படிப்பின்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. இந்தியாவின் 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், முன் அனுமதி பெற்றுப் போக வேண்டிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பத்தாவது தேறியவனுக்கு அந்தக் கட்டு இல்லை.

அப்துல் காதர் என்ற ஒரே பெயரை ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதை முதலிலேயே சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். அசலுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். முத்திரை போட இடமில்லை என்று திருப்பிவிடும் ஆபீஸ்கள் உண்டு. இவையெல்லாம் நம்மவர் அறிந்ததே.

நிற்க. இவ்வளவு பாடுபட்டுச் சேகரித்த அசல், ஆள் வந்து சேர்ந்த பிறகு யார் கையில் இருக்க வேண்டும்? நாம் கேட்க வந்தது இதைத்தான். குனோங் ராபாட்டில் மாலை நேரத்தில் நாலு வர்த்தகர் கூடினால் இரண்டு அபிப்பிராயம் எழும். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருப்பதே நல்லது என்பார் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர். 2016-இல் சேவைத் துறைக்கு நிர்ணயித்த லெவியே ஆளுக்கு வருஷம் 1,850 ரிங்கிட். அதன்மேல் விமான டிக்கெட், டாக்டர் பரிசோதனை. இவ்வளவையும் கட்டிவிட்டுக் காலையில் கடை திறந்தால், பையன் வேறு கடைக்குப் போய்விட்டான் என்று கேட்க நேர்ந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பாஸ்போர்ட் பெட்டிக்குள் எந்த வகையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். அடகாகவா, அமானிதமாகவா? மதரஸாவில் ஓதியவர்களுக்கு சூரா பகராவின் 282, 283-ஆம் வசனங்கள் நினைவிருக்கும். கடனை எழுதி வைக்கச் சொல்கிறது முதல் வசனம். பிரயாணத்தில் எழுதுவோர் கிடைக்காவிட்டால் அடகு வாங்கிக்கொள்ள இடம் தருகிறது அடுத்தது. நம்பி ஒப்படைக்கப்பட்டவர் அமானிதத்தை நிறைவேற்ற வேண்டும் என்றும் அதே வசனம் கட்டளையிடுகிறது. அடகு என்றால் விற்கத்தக்க பொருளாக இருக்கவேண்டும் என்பது பிக்ஹு. பாஸ்போர்ட்டை விற்க முடியுமா? அது பையனுடைய சொத்துகூட அல்ல; 1967-ஆம் வருஷத்து இந்தியப் பாஸ்போர்ட் சட்டப்படி அது சர்க்காரின் சொத்து. அவனுக்கு அடகு வைக்கவும் உரிமையில்லை, நமக்கு அடகு பிடிக்கவும் உரிமையில்லை.

அமானிதம் என்றால் கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும். நபி (ஸல்) அவர்கள் 622-இல் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மிடம் இருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அப்பொருள்களுக்கு உரியவர்களில் எதிரிகளும் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான அவ்வேளையிலும் ஒன்றும் பிடித்து வைக்கப்படவில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். பையனின் தாயார் மவுத்தான செய்தி இரவில் வருகிறது. மறுநாள் அஸருக்குள் அடக்கம். விடியற்காலை விமானம் ஏறினால் கபுறில் ஒரு பிடி மண்ணாவது போடலாம். பாஸ்போர்ட்டோ பெட்டியில், பெட்டிச் சாவியோ உம்ராவுக்குப் போன முதலாளியிடம். பத்திரத்துக்காக வைத்தோம் என்ற பேச்சு அந்த இரவில் செல்லுமா?

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி இல்லை. 1966-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, சட்ட அதிகாரமின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய வேலையின் 11 அடையாளங்களில் ஒன்றாகச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் சொல்கிறது. 2020 ஜூலையில் டாப் கிளவ் கம்பெனியின் துணை நிறுவனங்கள் செய்த கையுறைகளை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தபோது காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. தொழிலாளருக்குப் பரிகாரம் செய்த பின் 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

இதில் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ரஜூலாக் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நாம். 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியதும், 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலைப் பெர்மிட் இன்றி ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பியதும் நம் வீடுகளில் பேசப்பட்ட கதைகளே. கையில் ஒரு காகிதம் இல்லாவிட்டால் மனிதன் எவ்வளவு சிறுத்துப்போவான் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் ஆள் ஓடிப்போகட்டுமா என்பீர்கள். சிலர் ஓடத்தான் செய்வார்கள். இலாகாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நஷ்டத்தைக் கணக்கில் எழுதவேண்டியதுதான். கடன் வாங்கிய ஒருவன் மறைந்துவிட்டான் என்பதற்காக வாடிக்கைக்காரர் எல்லாரையும் கடைக்குள் பூட்டி வைக்கிறோமா? சம்பளம் தேதி தவறாமல் கிடைக்கும் கடையை விட்டு ஓடுகிறவன் குறைவு என்பது நாம் கண்ட அனுபவம்.

மாடி அறையில் பத்திரமில்லை என்பது மட்டும் மெய். அதற்கு ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம். இரண்டு நாள் கல்லாவில் தேறாத செலவு அல்ல. ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரதி எடுத்துக் கடையில் வைத்துக்கொள்ளலாம். பெர்மிட் புதுப்பிக்க அசலை வாங்கும்போது, இன்ன தேதியில் இன்ன வேலைக்காக வாங்கினோம் என்று சீட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, வேலை முடிந்த அன்றே அதைத் திருப்பித் தரவேண்டும். பூட்டுக்குச் சாவி இரண்டு வரும்; இரண்டையும் பையனிடமே கொடுத்துவிட வேண்டும்.

— குனோங் ராபாட் கடைக்காரர்